குறைந்த வெளிச்சத்தில் சண்டை விளையாட்டுகளைப் படமெடுத்தல்

உள்ளரங்குகளில் நடக்கும் கராத்தே, டேக்வாண்டோ, குத்துச்சண்டை, சிலம்பம் போன்றவற்றைப் படமெடுப்பது விளையாட்டு ஒளிப்படக்கலையின் கடினமான பிரிவுகளுள் ஒன்று. வேகமான அசைவு கலங்காமல் பதிய வேண்டுமானால் கேமராவின் ஷட்டர் மிகக் குறைந்த நேரமே திறந்திருக்க வேண்டும். அந்தச் சிறு நேரத்துக்குள் படம் பதிய நிறைய வெளிச்சம் வேண்டும். உள்ளரங்கில் கிடைக்காதது அந்த வெளிச்சம்தான். பெருநகர அரங்குகளில் தொலைக்காட்சிக்காக அமைக்கப்படும் விளக்குகள் இந்தக் குறையைத் தீர்த்துவிடும். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் போன்ற ஊர்களில் பள்ளிக் கலையரங்கிலோ திருமண மண்டபத்திலோ நடக்கும் போட்டிகளில் அவ்வாறான விளக்குகள் கிடையா. அங்கே முதன்முறையாகக் கேமராவோடு நிற்பவருக்கு விலையுயர்ந்த கருவியை விட இரண்டு விஷயங்கள் அதிகம் உதவும். ஒன்று, விளையாட்டில் அசைவு தானாகவே நிற்கும் நொடியை அறிந்திருப்பது. மற்றொன்று, சீருடையைப் பாராமல் முகத்துக்கு ஏற்ப ஒளியளவை அமைப்பது.

பள்ளத்தாக்கின் களங்கள்

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே கேரள எல்லையாக ஏலமலைகளும், கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் நிற்கின்றன. நடுவே முல்லைப் பெரியாறு ஓடுகிறது. கதிரவன் மேற்கு மலைக்குப் பின்னே இறங்கியதும், வானம் வெளுத்திருக்கும்போதே தரையில் நிழல் படர்ந்துவிடும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கம்பைக் கையில் எடுக்கும் நேரமும் அதுதான். எனவே இப்பகுதியில் பயிற்சி என்பது பெரும்பாலும் குழல் விளக்கின் கீழோ, கூடத்துச் சுவரில் மாட்டிய ஓர் எல்.இ.டி. விளக்கின் கீழோ நடப்பது.

சிலம்பம் அடிப்படையில் திறந்தவெளிக் கலை. மழைக்காலப் பயிற்சியும் போட்டிகளும் அதைக் கூரைக்குள் கொண்டுவந்தன. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அதற்கு இடமுண்டு. மாவட்ட அளவில் விளையாடும் ஒரு மாணவிக்கு அவள் ஆடியதன் சான்றாக வீட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு சான்றிதழும், யாரோ எடுத்த ஒன்றிரண்டு படங்களும்தான். அந்தப் படத்தில் முகம் கறுத்துப்போய், கம்பு ஒரு மங்கல் கோடாக மட்டும் தெரிந்தால் இழப்பு அவளுடையது. படமெடுத்தவர் அடுத்த வாரமும் படமெடுப்பார். அந்தப் போட்டி திரும்ப நடக்காது.

திருமண மண்டபங்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. மேடையில் சரவிளக்குகள் எரியும். களம் அமைந்த நடுப்பகுதியில் வெளிச்சம் குறைவாக இருக்கும். சன்னலோரம் பகல் வெளிச்சம் நீலமாகவும், மஞ்சள் விளக்குகளின் கீழ் தோல் செம்மஞ்சளாகவும் பதியும். தரையில் விரித்த சிவப்பு, நீலப் பஞ்சு விரிப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி வீரரின் தாடைக்குக் கீழே நிறம் ஏற்றும். பந்தல் துணி பச்சை என்றால் எல்லோர் முகமும் பச்சைதான். இவற்றைக் கேமராவின் தானியங்கி வெண்சமநிலை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு விதமாகத் திருத்தப் பார்க்கும். களத்தின் நடுவே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதைக் கொண்டு வெண்சமநிலையை ஒரே அளவில் நிறுத்திவிடுவது நல்லது. பிழை இருந்தாலும் எல்லாப் படத்திலும் ஒரே பிழையாக இருக்கும். பின்னர் ஒரேயடியாகச் சரிசெய்யலாம்.

வெளிச்சக் கணக்கு

வெளிச்சம் லக்ஸ் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. உச்சி வெயிலில் தரை மீது ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் விழுகிறது. நல்ல விளக்குகள் உள்ள ஒரு பள்ளிக் கூடத்தில் 300 லக்ஸ் அளவே இருக்கும். மோசமான கூடத்தில் 100 கூட இராது. கண்ணின் பாவை விரிந்தும் விழித்திரை பழகியும் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுவதால், கூடத்துக்குள் நுழைந்தவருக்கு வெளிச்சம் போதுமானதாகவே தோன்றும். கேமராவுக்கு அந்த வசதி இல்லை.

கேமராவில் ஒளியளவைத் தீர்மானிப்பவை மூன்று: ஷட்டர் திறந்திருக்கும் நேரம், லென்ஸின் துளையளவு, உணரியின் ஐஎஸ்ஓ அளவு. சுமார் 320 லக்ஸ் உள்ள கூடத்தில், துளை எஃப்/2.8, ஷட்டர் வேகம் 1/500 நொடி என்று வைத்தால் ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும். தொடக்கநிலைக் கேமராவோடு சேர்த்து விற்கப்படும் 18-55 மி.மீ. லென்ஸை முழுதும் நீட்டினால் அதன் துளை எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. அது எஃப்/2.8 தருவதில் நான்கில் ஒரு பங்கு ஒளி. எனவே அதே படத்துக்கு ஐஎஸ்ஓ 12,800 வேண்டும். மாறாக, சிறிய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸில் ஐஎஸ்ஓ 1250 அல்லது 1600 போதும். ஒரே கேமரா, ஒரே கூடம். லென்ஸ் மட்டும் மாறியதில் எட்டு மடங்குக்கும் மேல் வேறுபாடு. உள்ளரங்கில் படமெடுக்க விரும்பும் புதியவர் கேமராவை மாற்றுவதற்குமுன் இந்த லென்ஸை வாங்குவது அறிவுடைமை. முன்னணி நிறுவனங்கள் பலவற்றில் அவற்றின் விலை குறைந்த லென்ஸ்களுள் அதுவும் ஒன்று.

ஐஎஸ்ஓவை உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோன்ற இரைச்சல் தோன்றும். புதியவர்கள் இதற்கு மிகவும் அஞ்சுகிறார்கள். அஞ்சி ஐஎஸ்ஓவை 800-இல் வைத்துவிட்டு, 1/60 நொடியில் எடுத்த கலங்கிய படங்களோடு வீடு திரும்புகிறார்கள். இரைச்சலை மென்பொருளால் குறைக்கலாம். படத்தின் அளவைச் சுருக்கும்போதும் அது பெரிதும் அடங்கிவிடும். செய்தித்தாளில் ஒரு பத்தி அகலத்தில் அச்சாகும்போது அது கண்ணுக்கே தெரியாது. கலங்கிய கையையும் கலங்கிய கண்ணையும் அவ்வாறு மீட்க முடிவதில்லை. குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டுப் பின்னர் கணினியில் வெளிச்சமேற்றுவதும் பயன் தராது. பல கேமராக்களில் அப்படி எடுத்த படத்தின் நிழல் பகுதிகளில், தொடக்கத்திலேயே ஐஎஸ்ஓவை உயர்த்தி எடுத்ததைவிட இரைச்சல் கூடுதலாகவே இருக்கும்.

அசைவு நிற்கும் நொடி

ஒன்றரை மீட்டர் நீளக் கம்பை நடுவில் பிடித்து நொடிக்கு இரண்டு சுற்று சுழற்றினால், அதன் நுனி நொடிக்கு ஏறத்தாழ 9.4 மீட்டர் செல்லும். 1/100 நொடியில் அது 9 செ.மீ.க்கு மேல் நகரும். 1/500 நொடியில் 2 செ.மீ. அளவு நகரும். முதலாவது படத்தில் கம்பின் நுனி காணாமல்போகும். இரண்டாவதில் சற்றே மங்கிய கம்பு தெரியும். முழுதாக உறையவைக்க 1/1000 நொடிக்கும் மேல் போக வேண்டும். முன் சொன்ன கூடத்தில் அதற்கு எஃப்/2.8-இல் ஐஎஸ்ஓ 6400 தேவை. வெளிச்சம் 100 லக்ஸ் என்றால் ஐஎஸ்ஓ 20,000-ஐத் தொட்டுவிடும். தொடக்கநிலைக் கேமரா அங்கே கைவிரித்துவிடும்.

ஆனால் எந்தச் சண்டை விளையாட்டிலும் உடல் ஒரே வேகத்தில் அசைவதில்லை. ஒவ்வோர் அசைவிலும் வேகம் குறைந்து நிற்கும் ஒரு நொடி உண்டு. துள்ளி உதைப்பவரை எடுத்துக்கொண்டால், உச்சியில் அவருடைய மேல்நோக்கிய வேகம் சுழியாகிறது. புவியீர்ப்பின் கணக்குப்படி, உச்சியை அடைவதற்கு முந்தைய 1/10 நொடியிலும் பிந்தைய 1/10 நொடியிலும் உடல் சுமார் 5 செ.மீ. மட்டுமே ஏறி இறங்குகிறது. அந்த 1/5 நொடிச் சாளரத்தில் உடலைப் பதிக்க 1/250 நொடியே போதும். பார்ப்பவருக்கும் அதுதான் ஆட்டத்தின் உச்சமாகத் தெரியும்.

கராத்தேயின் கத்தா பிரிவு இதைக் கற்க மிகப் பொருத்தமானது. கத்தாவில் எதிராளி இல்லை. வரிசை முன்கூட்டியே வகுக்கப்பட்டது. ஒவ்வொரு குத்தும் தடுப்பும் முடியும் இடத்தில் உடல் முழுதும் இறுகி ஒரு கணம் நிற்கிறது. சப்பானிய மொழியில் அதற்குக் கிமே என்று பெயர். ஒரே கத்தாவைப் பல பிள்ளைகள் அடுத்தடுத்துச் செய்வதால், மூன்றாவது பிள்ளை வரும்போது எந்த இடத்தில் நிற்பு வரும் என்பது படமெடுப்பவருக்குப் பழகிவிடும். நேரடி மோதலான குமித்தேயை நேராக எடுக்கத் தொடங்குவதைவிட, காலையில் நடக்கும் கத்தா சுற்றுகளை முழுதும் எடுத்துவிட்டு அதற்குச் செல்வது பயனளிக்கும்.

குமித்தேயிலும் குத்துச்சண்டையிலும் நிற்பை முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது. கண்ணால் கண்டு விரல் அழுத்துவதற்குள் மனிதருக்கு ஏறத்தாழ 1/5 நொடி ஆகிறது. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செல்லும் கைமுட்டி அதற்குள் ஒன்றரை மீட்டர் கடந்திருக்கும். அதாவது குத்து முடிந்து கை திரும்பியிருக்கும். குத்தைப் பார்த்து அழுத்துபவருக்குக் குத்து கிடைக்காது. குத்துக்கு முன்னால் வருவதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பாய்வதற்குமுன் இடுப்பைச் சற்றுத் தாழ்த்துவார்கள், அல்லது முன்காலின் பாரத்தை மாற்றுவார்கள். டேக்வாண்டோவில் உதைக்குமுன் முழங்கால் மடங்கி உயரும். சிலம்பத்தின் தொடுமுறைப் போட்டியில் காலடி மாறும். கம்பின் பின்நுனி சற்றே விலகும். ஒரு வீரரை இரண்டு நிமிடம் கேமரா இல்லாமல் பார்த்தால் அவருடைய அடையாளம் பிடிபடும். பயிற்சிக்குப் போய்ப் படமெடுத்தவர்களின் போட்டிப் படங்கள் நன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தொடர்ச்சியாகச் சுடும் வசதியை நம்பிவிட முடியாது. நொடிக்கு 10 படங்கள் எடுக்கும் கேமராவில்கூட இரு படங்களுக்கு இடையில் கம்பின் நுனி ஏறத்தாழ ஒரு மீட்டர் கடந்துவிடுகிறது. இரு கம்புகள் மோதும் கணம் அந்த இடைவெளியில் விழுந்து மறையலாம். நேரம் பார்த்துத் தொடங்கி மூன்று நான்கு படங்களில் நிறுத்திக்கொள்வது நல்லது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் கேமராவின் நினைவகம் நிரம்பி, தீர்ப்பான தாக்குதல் வரும்போது கேமரா அசையாமல் நிற்கும்.

கம்பு சுழல்வதை மறைக்காமல் காட்ட விரும்புபவருக்கு எதிர்வழியும் உண்டு. அலங்கார வீச்சில் ஆடுபவரின் தலை பெரும்பாலும் நிலையாக இருக்கும், கம்புதான் சுற்றும். அப்போது 1/15 நொடியில் எடுத்தால் கம்பு விசிறிபோல் விரிந்து பதியும். முகம் தெளிவாகக் கிடைக்க வாய்ப்புண்டு. 1/4 நொடி என்றால் நடுவில் பிடித்த கம்பு முழு வட்டமாகிவிடும், ஆனால் அவ்வளவு நேரம் முகம் அசையாமல் இருப்பது அரிது. இருபது எடுத்தால் ஒன்று தேறும். வெளிச்சம் குறைவாக இருப்பது சாதகமாகும் ஒரே இடம் இது.

முகத்துக்கு ஏற்ற ஒளியளவு

கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதி அளக்கிறது. வெள்ளைச் சீருடை அணிந்த இருவர் சட்டகத்தை நிறைத்தால், காட்சி மிகப் பிரகாசமானது என்று தவறாக எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். சீருடை சாம்பல் நிறமாகும். கறுத்த முகம் ஏறத்தாழக் கறுப்பாகிவிடும். தேனி மாவட்டத்துக் கராத்தே படங்களில் பாதியில் காணப்படும் குறை இதுவே என்று சொன்னால் மிகையாகாது. சீருடையின் மடிப்புகள் துல்லியமாக இருக்கும். கண்கள் இருக்கும் இடத்தில் இரண்டு நிழல்கள் இருக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் வண்ணப்பட ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் வழங்கிய மாதிரி அட்டைகளைப் பயன்படுத்தின. அவற்றில் இருந்தவர்கள் வெள்ளைத்தோல் பெண்கள். அந்த அட்டைகளுக்கு ‘ஷர்லி அட்டை’ என்றே பெயர் விழுந்தது. அந்தத் தோலுக்குச் சரியாக இருந்த படச்சுருளும் அச்சும் கறுத்த தோலின் நுண்ணிய வேறுபாடுகளை இழந்தன. இன்றைய உணரிகளுக்கு அந்தக் குறை இல்லை. இருப்பினும், ஒளியளவை யாருக்காக அமைப்பது என்னும் கேள்வி இன்னும் படமெடுப்பவரிடமே இருக்கிறது.

தீர்வு எளிது. ஒளியளவைத் தானியங்கியில் விடாமல் கையால் அமைக்க வேண்டும். போட்டி தொடங்குமுன் ஒரு மாணவரைக் களத்தின் நடுவில் நிற்கச் சொல்லி, முகம் சட்டகத்தை நிறைக்கும்படி அருகில் சென்று, கன்னமும் நெற்றியும் இயல்பாகத் தெரியும் அளவைத் தேட வேண்டும். பின்னர் தன் இடத்துக்குத் திரும்பி, வெள்ளைச் சீருடையின் மடிப்புகள் முற்றிலும் வெளுத்துவிடவில்லை என்பதைக் கேமராவின் ஒளிப்பரவல் வரைபடத்தில் உறுதிசெய்துகொள்ளலாம். இரண்டும் ஒருசேரக் கிடைக்காவிட்டால் முகத்தின் பக்கம் சாய்வதே சரி; சட்டை கொஞ்சம் வெளுத்தால் யாரும் வருந்தப்போவதில்லை. ராவ் கோப்பாகப் பதிந்தால் வெளுத்த இடங்களை ஓரளவு மீட்கவும் முடியும். கையால் அமைக்கத் தயங்குபவர் தானியங்கி முறையிலேயே ஒளியளவைக் கூடுதலாக ஒரு படி, அதாவது இரு மடங்கு, உயர்த்தி வைக்கலாம்.

கூடத்தில் சன்னல்கள் இருந்தால் இந்த அளவு மாலை வரை நிலைக்காது. மலைநிழல் விழத் தொடங்கியதும் அரைமணிக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும்.

விளக்கின் துடிப்பும் வளையும் கம்பும்

அடுத்தடுத்து எடுத்த இரு படங்களில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கலாகவும் பழுப்பேறியும் வருவதைப் பார்த்துக் கேமரா கெட்டுவிட்டது என்று கருதுபவர்கள் உண்டு. குறை கேமராவில் இல்லை. இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலையும் மாறுமின்னோட்டம். அதனால் சோக் பொருத்திய பழைய குழல் விளக்குகளும், மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. ஒரு துடிப்பு 1/100 நொடி. 1/500 நொடிப் படம் அந்தத் துடிப்பின் ஐந்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. அது உச்சியாகவும் இருக்கலாம், பள்ளமாகவும் இருக்கலாம்.

1/100 அல்லது 1/50 நொடியில் எடுத்தால் முழுத் துடிப்பும் அடங்கிவிடும், சிக்கல் இராது. ஆனால் அந்த வேகம் கத்தா நிற்புகளுக்கும் பரிசளிப்புக்கும் மட்டுமே உதவும். வேகமான ஆட்டத்துக்குக் கேமராவின் துடிப்புத் தவிர்ப்பு வசதியை இயக்கலாம். 2014-இல் வெளிவந்த கேனான் 7டி மார்க் 2-இல் அறிமுகமான அவ்வசதி, இன்று பல நடுத்தரக் கேமராக்களில் இருக்கிறது. விளக்கின் உச்சிக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறப்பது அதன் வேலை. அது இல்லாதவர் அதே நொடியை மூன்று படமாக எடுத்து, பளிச்சென்றதை வைத்துக்கொள்வதே வழி. பெரிய மண்டபங்களில் விளக்கு வரிசைகள் மூன்று ஃபேஸ்களிலும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றொன்றின் உச்சி ஈடுசெய்யும். அங்கே களத்தின் நடுவில் துடிப்பு குறைவாகவே தெரியும்.

கண்ணாடியில்லாக் கேமராக்களில் ஓசையற்ற மின்னணு ஷட்டர் என்று ஒரு தெரிவு உண்டு. சிலம்பத்துக்கு அது ஆகாது. தொடக்கநிலைக் கேமராக்களின் உணரி படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. மேல்வரி படிக்கப்பட்டுக் கீழ்வரிக்கு வருவதற்குள் கம்பு இடம் மாறிவிடும். நேரான மூங்கில் கம்பு வில்போல் வளைந்து பதியும். விளக்கின் துடிப்பும் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளாக விழும். இயந்திர ஷட்டரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் பெருமளவு தவிரும்.

எங்கே உட்காருவது

சர்வதேச விதிகளின்படி கராத்தே களம் 8 மீட்டர் சதுரம். சுற்றிலும் ஒரு மீட்டர் பாதுகாப்புப் பகுதி உண்டு. அதற்கு வெளியே தரையில் உட்கார்ந்தால் களத்தின் நடுப்புள்ளி ஆறேழு மீட்டர் தொலைவில் இருக்கும். ஏபிஎஸ்-சி உணரியுள்ள தொடக்கநிலைக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் 7 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்ட சட்டகத்தைத் தருகிறது. இருவர் முழு உருவத்துடன் அடங்க அது சரியான அளவு. சிறு ஊர்ப் போட்டிகளில் களத்தை நெருங்கி உட்கார முடிவதால், பெரிய தொலைநோக்கு லென்ஸ் இல்லாதது ஒரு குறையே அல்ல.

தரையோடு தாழ்ந்த கோணம் சிறுவர்களுக்கும் உயரம் தரும். பின்னணியில் உள்ள நெகிழி நாற்காலிகளையும் தண்ணீர்க் குடங்களையும் வீரரின் உடலுக்குப் பின்னே மறைக்கும். சன்னலுக்கு முதுகு காட்டி அமர வேண்டும். சன்னலைப் பார்த்து அமர்ந்தால் நிழலுருவம்தான் கிடைக்கும். நடுவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலம்பத்தில் கம்பு கை நழுவிப் பறக்கக்கூடும். கோட்டுக்கு வெளியே இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் கண்ணை வ்யூஃபைண்டரிலேயே புதைத்துக்கொண்டிருப்பது ஆபத்து. சுருள்வாள் வீச்சு என்றால் இன்னும் சில அடி தள்ளிப்போவது ஆசானுக்கும் நிம்மதி.

குவியத்தைத் தொடர்முறையில் வைத்து, ஒரே ஒரு குவியப்புள்ளியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. எல்லாப் புள்ளிகளையும் கேமராவிடம் விட்டால் அது குத்துச்சண்டை மேடையின் கயிற்றையோ நடுவரின் முதுகையோ பிடித்துக்கொள்ளும். வெறும் வெள்ளைத் துணியின் மீது மங்கல் வெளிச்சத்தில் குவியம் தடுமாறும். கழுத்துப்பட்டியின் விளிம்பு, தலைக்கவசத்தின் ஓரம் போன்ற மாறுபட்ட நிறங்கள் சந்திக்கும் இடத்தைக் கொடுத்தால் உடனே பற்றும். எஃப்/1.8-இல் 6 மீட்டர் தொலைவில் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். இருவரும் பக்கவாட்டில் நிற்கும்போது எடுத்தால் இரு முகமும் தெளிவாகும்.

கைப்பேசி மட்டும் இருந்தால்

மாணவர்கள் பலரிடம் இருப்பது கைப்பேசியே. அதன் இரவு முறை பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. அசையாத கோபுரத்துக்கு அது பொருந்தும். உதைப்பவருக்கு மூன்று கால் முளைக்கும். இரவு முறையை நிறுத்தி, புரோ முறை இருந்தால் 1/250 நொடியை நிலைநிறுத்த வேண்டும். விரலால் பெரிதாக்காமல் கால்நடையாக நெருங்க வேண்டும். பெரும்பாலான கைப்பேசிகளில் துணை லென்ஸ்களைவிட முதன்மை லென்ஸே அதிக ஒளியை வாங்கும். முகத்தைத் தொட்டுக் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டிவிட்டால் வெள்ளைச் சீருடை ஏமாற்றாது. கைப்பேசியால் வேகமான மோதலை வெல்வது கடினம். வணக்கம் செலுத்தும் தருணம், சுற்றுக்கு இடையே பயிற்சியாளர் காதில் சொல்லும் தருணம், தீர்ப்புக்காகக் கை உயரும் தருணம் ஆகியவை அதற்கு எட்டும். பல வேளைகளில் வீட்டில் சட்டமிட்டு மாட்டப்படுவதும் இத்தகைய படமே.

ஃபிளாஷும் அனுமதியும்

சண்டை விளையாட்டு ஒளிப்படங்களில் உலகப் புகழ்பெற்ற ஒன்று, 1965 மே 25 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள லூயிஸ்டனில் எடுக்கப்பட்டது. விழுந்து கிடக்கும் சோனி லிஸ்டனுக்கு மேலே முகமது அலி கையை மடக்கி நிற்கும் வண்ணப்படம் அது. எடுத்தவர் நீல் லைஃபர். அப்போது அவருக்கு வயது 22. மேடைக்கு மேலே பொருத்தப்பட்ட ஃபிளாஷ் விளக்குகள் அந்த ஒளியைத் தந்தன. அவை மீண்டும் மின்னேற்றம் பெற நேரம் பிடிக்கும் என்பதால், அந்த நொடிக்கு அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு படம். அதே இதழுக்காக வந்திருந்த மூத்த ஒளிப்படக்காரர் ஹெர்ப் ஷார்ஃப்மன் எதிர்ப்பக்கத்தில் இருந்தார். அலியின் கால்களுக்கு இடையே அவருடைய முகம் அந்தப் படத்திலேயே தெரிகிறது. அமர்ந்த இடம் அன்று இருவரின் பங்கையும் தீர்மானித்துவிட்டது.

உயரத்தில் பொருத்தி அனுமதியோடு இயக்கும் அத்தகைய விளக்கு வேறு. கேமராவின் தலையிலிருந்து வீரரின் கண்ணில் நேரே அடிக்கும் ஃபிளாஷ் வேறு. எதிராளியின் கம்பு வரும் நொடியில் ஒரு சிறுமியின் கண் கூசினால் அடி விழும். நடுவர்கள் அதைத் தடுப்பது நியாயமே. ஆட்டம் நடக்கும்போது ஃபிளாஷை அறவே அணைத்துவிட்டு, குவிய உதவி விளக்கையும் அமைப்பில் நிறுத்திவிட வேண்டும். பரிசளிப்பின்போது வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி அடிக்கலாம்.

மாவட்டப் போட்டிகளில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் சிறார். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை எனக் கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு எடுப்பதே ஊரில் மரியாதை. உயர்ந்த உதைகளை எடுக்கும்போது சீருடை விலகிய படங்களும், அடிபட்டு அழும் முகத்தின் படங்களும் வந்து விழும். அவற்றைப் பகிராமல் அழித்துவிட வேண்டும்.

ஒரு நாள் போட்டியில் ஐந்நூறு படங்கள் சேர்ந்தால் கொடுக்கத்தக்கவை முப்பது இருந்தாலே நல்ல நாள். தேர்ந்தெடுக்கும்போது முதலில் கண்களைப் பார்க்க வேண்டும், பிறகு கை கால்களை, கடைசியாகத்தான் இரைச்சலை. வென்றவரின் படங்கள் எப்படியும் கேட்டு வாங்கப்படும். முதல் சுற்றிலேயே வெளியேறிய பிள்ளைக்கும் ஒரு படமாவது இருக்கிறதா என்று பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, இருண்ட பகுதிகள் கட்டம் கட்டமாகிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்த அளவிலேயே பயிற்சியாளரின் கைக்குப் போய்ச் சேரும்.